2 அடி செம்மண்ணும் "சுத்தம்" என்ற சொல்லும்

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் மூடப்பட்ட பெற்றோல் செட் ஒன்றின் வளவில் மேல் மண்ணை 2 அடிக்கு அகற்றிப் புதுச் செம்மண் பரவிவிட்டார்களாம், தாங்கிகளுக்குள் மணலும் நிரப்பிவிட்டார்களாம், ஆகவே காணி முற்றாகச் சுத்தம் என்று கடந்த ஞாயிறு செய்தியை முடித்திருந்தீர்கள். எழுதியவர் பெற்றோல் தாங்கி எங்கே இருக்கும் என்று நினைத்தாரோ தெரியவில்லை. கூரையிலா?

தாங்கியின் முதுகே தரையிலிருந்து ஏறக்குறைய 3 அடி கீழே கிடக்கும். விட்டம் 6 முதல் 8 அடி. அப்படியென்றால் அடிவயிறு 10 அடி ஆழத்தில். ஓட்டை விழுவது பெரும்பாலும் அங்கேதான். எரிபொருளோடு சேரும் தண்ணீர் அடியில் தேங்கி இரும்பை அரிக்கும். அளவுகோல் நாள்தோறும் இறங்கி முட்டுவதும் அதே இடத்தில். மற்ற ஒழுக்குகள் குழாய் மூட்டுகளிலும் பம்புகளுக்குக் கீழும் பவுசர் குழாய் பூட்டும் வாயருகிலும் இருக்கும். 2 அடி சுரண்டியவர்கள் தாங்கியின் முதுகைக்கூடக் காணவில்லை.

மணல் நிரப்பியதைச் சாதனைபோல எழுதியிருக்கிறீர்கள். அடியில் உறைந்த சகதியை வழித்தெடுக்காமல் மணல் கொட்டினால் சகதிக்கு மூடி போட்டதாகும், அவ்வளவுதான். தாங்கியைக் கிளப்புவதே முறை. மிச்ச எரிபொருளை உறிஞ்சியெடுத்து, 1,000 லீற்றர் கொள்ளளவுக்கு ஏறக்குறைய 2 கிலோ உலர் பனிக்கட்டி போட்டு ஆவியை வெளியேற்றி, மேல், நடு, அடி என்று 3 மட்டத்திலும் வாயுமானியால் பார்த்த பிறகுதான் வெட்டுகருவி கிட்டப் போகலாம். பெற்றோல் ஆவி காற்றில் 1.4 முதல் 7.6 வீதம் கலந்திருந்தால் வெடிக்கும். நிறைந்த தாங்கியை விட "வெறும்" தாங்கிதான் ஆளைக் கொல்லும்.

தாங்கி வெளியே வந்த பிறகு குழியின் அடியிலும் நான்கு சுவரிலும் மண் எடுத்துச் சோதிக்க வேண்டும். கண்ணாடிப் போத்தலில் எடுத்து, இறுக மூடி, ஐஸ் பெட்டியில் அனுப்ப வேண்டும். கடைப் பையில் முடிந்து மேசையில் இரண்டு நாள் வைத்த மண்ணில் பெற்றோல் இருக்காது; பை வைத்த அறையில் இருக்கும். அந்த முடிவுகள் நன்றாக வந்தால்தான் குழியை மூடலாம். உங்கள் செய்தியில் ஆய்வு முடிவு ஒன்றுகூட இல்லை. செம்மண்ணின் படம் மட்டும் நான்கு பத்தி அகலத்தில்.

அகற்றிய மண் எங்கே? 14 டிப்பர் போனது என்று எழுதத் தெரிந்தவருக்கு எங்கே போனது என்று கேட்கத் தெரியவில்லை. பள்ளக் காணி நிரப்ப யாரோ காசு கொடுத்து வாங்கியிருந்தால், ஒரு வளவின் வில்லங்கம் இப்போது இரண்டு வளவுக்கு. அந்த மண்ணைத் தடித்த பொலித்தீன் விரிப்பில் ஒன்றரை முதல் 2 மீற்றர் உயரத்துக்குக் குவித்து, நடுவே துளைக் குழாய்களால் காற்றுச் செலுத்தி, ஈரம் காயாமல், மாரி மழை இறங்காமல் மூடி வைக்க வேண்டும். கரிமம் 100க்கு நைதரசன் 10, பொசுபரசு 1 என்ற கணக்கில் பசளை போட்டால் நுண்ணுயிர்கள் எண்ணெயைத் தின்றுவிடும். எங்கள் வெயில் அதற்கு உதவும். பெற்றோல் சில மாதங்களில் அடங்கும், டீசல் இழுத்தடிக்கும். ஈயத்தை எந்த நுண்ணுயிரும் தின்னாது. 2002 வரை இங்கே விற்றது ஈயம் கலந்த பெற்றோல் என்பதால் பழைய செட் என்றால் ஈயமும் பார்த்தே ஆக வேண்டும்.

இதெல்லாம் மண் உள்ள ஊருக்கு. எங்களுக்குச் சில அடி செம்மண், அதன் கீழே வெடிப்பும் பொந்துமாகச் சுண்ணக்கல். கல்லுக்குள் இறங்கியதை எந்தப் பெக்கோவும் தோண்டியெடுக்காது. கார்த்திகையில் நீர்மட்டம் ஏறும்போது மிதக்கும் பெற்றோலும் ஏறும், கோடையில் இறங்கும், போகிற வழியெல்லாம் கல்லில் பூசிவிட்டுப் போகும். 1 லீற்றர் பெற்றோலில், புற்றுநோய் தரும் பென்சீன் 1 வீதம் என்றாலும் அது 7 கிராமுக்கு மேல். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அளவு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். அந்த 7 கிராம், 7 இலட்சம் லீற்றர் தண்ணீரைக் கெடுக்கப் போதும்.

சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த கதை தங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா என்ற கேள்விக்கு நேர்ப்பதில் கேட்டுச் சனம் தெருவில் இருந்தது. உயர் நீதிமன்றம் மின் நிறுவனத்துக்கு 2 கோடி ரூபா நட்டஈடு விதிக்க 2019 ஆகிவிட்டது. அதில் நாங்கள் கற்றது "எண்ணெய், கிறீஸ்" என்ற ஒரு சோதனையின் பெயர் மட்டுமே. அந்தச் சோதனையில் கரைப்பானைச் சூடாக்கி ஆவியாக்கி மிஞ்சுவதை நிறுப்பார்கள். பெற்றோல் கரைப்பானோடு பறந்துவிடும். அயல் கிணறுகளில் எண்ணெய் இல்லை என்று உங்கள் செய்தி சொல்வது இந்தச் சோதனையை வைத்தா? பென்சீனுக்கு வேறு சோதனை. தண்ணீரை மேல்நிலைத் தாங்கிக் குழாயில் பிடிக்காமல் கிணற்றிலேயே எடுத்து, 40 மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பியில் ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பி, குளிரில் அனுப்ப வேண்டும்.

கிணற்றை இறைத்துவிட்டால் சரி என்று அதிகாரி ஒருவர் சொன்னதையும் அப்படியே போட்டிருக்கிறீர்கள். வற்ற இறைத்தால் பக்கத்து வளவில் உள்ளது இந்தப் பக்கம் இழுபடும், கீழிருந்து உவரும் ஏறும். கராஜ்காரர் கழிவெண்ணெயை வேலியோரம் ஊற்றுவதும், மலக்குழியைக் கிணற்றருகே வெட்டுவதும் ஊர்வழக்கமாகிவிட்ட இடத்தில் அதிகாரியை மட்டும் குறைசொல்லி என்ன?

கேட்பது சிறிய விடயம். அடுத்த இதழில் "சுத்தம்" என்ற சொல்லை மீளப்பெற்று, அந்த 14 டிப்பர் மண் கொட்டிய இடத்தையும், தண்ணீரில் பென்சீன் பார்த்தார்களா என்பதையும் கேட்டுப் போடுங்கள். இந்தக் கடிதத்தைச் சுருக்குவதானால் குப்பி பற்றிய வரியை விட்டுவைக்கவும். சென்ற மாரியில் எழுதியதில் அளவுகளை வெட்டிவிட்டு வணக்கத்தை மட்டும் முழுமையாகப் போட்டிருந்தீர்கள்.

இங்ஙனம்,
நெடுநாள் வாசகன்,
கோண்டாவில்.