மதிய டப்பாவுக்கு முட்டைப் பணியாரம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பள்ளி மதிய உணவுக்காகச் சென்ற இதழில் நீங்கள் கொடுத்திருந்த சமையல் குறிப்புகளில் ‘மினி கீஷ்’ என்ற முட்டைப் பலகாரத்தின் படத்தை முதலில் பார்த்தது என் மகள்தான். நான்காம் வகுப்பு படிக்கிறாள். “அப்பா, இது நாம செய்யலாமா?” என்று இதழைக் கையில் எடுத்துக்கொண்டு அடுக்களைக்கே வந்துவிட்டாள். குறிப்பைப் படித்துப் பார்த்தேன். ஓவன், மஃபின் தட்டு, ஃப்ரெஷ் கிரீம், சீஸ் என்று இருந்தது. அதில் ஒன்றுகூட எங்கள் வீட்டில் கிடையாது. ஆனால் என் அம்மா விட்டுச் சென்ற ஏழு குழிப் பணியாரக் கல் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நாங்கள் செய்ததைத்தான் எழுதுகிறேன். கூடவே உங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

கீஷ் பிரான்சின் லொரேன் பகுதிப் பண்டம். மாவில் கிண்ணம் போலச் செய்து, அதில் முட்டையும் கிரீமும் கலந்து ஊற்றி, பன்றியிறைச்சித் துண்டு போட்டு அடுப்பில் சுட்டெடுப்பார்கள். யோசித்தால் விஷயம் எளிதுதான். அடித்த முட்டையில் கொஞ்சம் பால் சேர்த்து, மெல்லிய சூட்டில் கட்டியாக விடுகிறார்கள். அதற்கு ஓவன் வேண்டும் என்று கட்டாயமில்லை. கனமான கல், சிறு தீ, மேலே ஒரு மூடி இருந்தால் போதும்.

எங்கள் ஊர் நாமக்கல். முட்டை விலை ஒரு ரூபாய் ஏறினாலும் இங்கே டீக்கடையில் அதுதான் பேச்சு. அப்படிப்பட்ட ஊரில் பிறந்த என் பிள்ளைகளுக்கு முட்டை உடைக்கத் தெரியவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மகனுக்கு ஆறு வயது. உடைத்த முதல் முட்டை பாதி தரையில், பாதி அவன் சட்டையில். அழப் பார்த்தான். அவன் அக்கா துணி எடுத்து வந்து துடைத்தாள். நான் இன்னொரு முட்டையை அவன் கையில் கொடுத்தேன். மூன்றாவது முட்டை சரியாக வந்துவிட்டது.

உடைப்பதற்கு முன்னால் தண்ணீர்ச் சோதனை. ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீரில் முட்டையைப் போட்டால், புதியது அடியில் படுத்துக்கொள்ளும். சில நாள் ஆனது நிமிர்ந்து நிற்கும். மிதந்தால் வேண்டாம். ஓட்டில் இருக்கும் நுண்துளைகள் வழியாக ஈரம் போகப் போக, உள்ளே இருக்கும் காற்றறை பெரிதாகிறது என்று சொன்னேன். மகள் அறிவியல் நோட்டில் அதைப் படமாக வரைந்து வைத்திருக்கிறாள். ஒவ்வொரு முட்டையையும் முதலில் தனிக் கிண்ணத்தில் உடைத்து, பார்த்த பிறகுதான் பெரிய பாத்திரத்தில் சேர்க்க வேண்டும். ஒன்று கெட்டிருந்தால் எல்லாம் கெடாது. ஓட்டுத் துண்டு விழுந்துவிட்டால் விரலை நனைத்துக்கொண்டு எடுத்தால் வந்துவிடும். பச்சை முட்டையைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வேறு எதையும் தொடக் கூடாது, கலவையை நக்கிப் பார்க்கவும் கூடாது. சால்மோனெல்லா கிருமியால் வரும் வயிற்றுப்போக்கு சின்னப் பிள்ளைகளைப் படுத்தி எடுத்துவிடும் என்பதால் இதில் மட்டும் நான் கண்டிப்பு.

அளவு இதுதான்: நான்கு முட்டை, நான்கு மேசைக்கரண்டி பால், அரை டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் மிளகுத்தூள், ஒரு சிறு வெங்காயம், ஒரு கேரட், ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. ஏழு குழிக் கல்லில் இரண்டு ஈடு வரும். கேரட் துருவுவது மகள். கீரை ஆய்வது மகன், நிதானமாக ஒவ்வொரு இலையாக. வெங்காயம் நறுக்குவதும் அடுப்பும் என் வேலை. முள்கரண்டியால் முட்டை அடிக்கும்போது நுரை பொங்கும்வரை அடித்துவிடுவார்கள், அதை நிறுத்தச் சொல்ல வேண்டும். காற்று நிறையப் போனால் கல்லில் உப்பிப் பெரிதாகி, இறக்கியதும் அமுங்கிவிடும். வெள்ளையும் மஞ்சளும் ஒன்றாகக் கலந்தால் போதும்.

காய்களை முதலில் எண்ணெயில் வதக்கி, ஈரம் போன பிறகு ஆறவைத்துத்தான் முட்டையில் சேர்க்க வேண்டும். முதல் தடவை நான் இதைச் செய்யவில்லை. பச்சையாகவே போட்டேன். பணியாரம் வெந்த பிறகு கேரட்டும் வெங்காயமும் தண்ணீர் விட்டு, டப்பாவின் அடியில் தேங்கிவிட்டது. சாயங்காலம் டப்பா அப்படியே திரும்பி வந்தது.

இனி அந்த மாவுக் கிண்ணம். முந்தைய வேளை மீந்த சப்பாத்தியை ஒரு சின்ன டம்ளரை வைத்து அழுத்தி வட்டம் வட்டமாக வெட்டி, எண்ணெய் தடவிய குழிக்குள் அமுக்கி வைக்கிறோம். கல்லை அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும், பிள்ளைகளின் கை சூட்டுக்குப் பக்கத்தில் போகாது. பிறகு நான் ஏற்றி, கலவையை முக்கால் குழிக்கு ஊற்றி, மூடி போட்டு, சிறு தீயில் ஆறேழு நிமிடம் வைக்கிறேன். சப்பாத்தி அடியில் மொறுமொறுவென்று ஆகும், மேலே முட்டை இட்லி போலக் கட்டியாகும். நடுவில் ஒரு குச்சியைக் குத்தினால் ஈரம் ஒட்டாமல் வர வேண்டும். சப்பாத்தி இல்லாத நாளில் வெறும் முட்டைக் கலவையை ஊற்றி, வழக்கமான பணியாரம் போலத் திருப்பிப் போட்டு எடுப்போம். தீ அதிகமானால் முட்டை ரப்பர் மாதிரி ஆவதோடு, கந்தக வாடையும் கூடிவிடும். டப்பாவைத் திறந்ததும் பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்வதற்குப் பாதிக் காரணம் இந்த அதிகச் சூடுதான்.

டப்பாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் லஞ்ச் பாக்ஸ் குறிப்புகளில் இதை யாரும் எழுதுவதில்லை. சமைத்த முட்டையை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்பது உணவுப் பாதுகாப்பில் சொல்லப்படும் கணக்கு. எங்கள் பிள்ளைகள் எட்டு மணிக்கு வேன் ஏறினால் பன்னிரண்டரைக்குத்தான் சாப்பாடு. நாமக்கல் வெயிலில் நாலரை மணி நேரம்! அதனால் சாதாரண டப்பாவில் முட்டை வைப்பதை நாங்கள் விட்டுவிட்டோம். வாய் அகன்ற ஃபிளாஸ்க் டப்பா ஒன்று வாங்கினோம். காலையில் அதில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து, கொட்டிவிட்டு, அடியில் சூடான சாதம், மேலே ஆவி பறக்கும் பணியாரம். டப்பா பாதி காலியாக இருந்தால் சூடு நிற்காது, நிறைய வைக்க வேண்டும். ஒரு விடுமுறை நாளில் வீட்டிலேயே இப்படிக் கட்டி வைத்து, மதியம் திறந்தால் நன்றாகச் சூடாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்குக் கொடுத்தோம். மற்றவர்களும் அப்படிப் பார்த்துக்கொள்வது நல்லது.

காலையில் இத்தனைக்கும் ஏது நேரம் என்று கேட்பார்கள். நாங்கள் செய்வது முந்தின நாள் சாயங்காலம். என் மனைவிக்குக் காலை ஷிஃப்ட், ஆறரைக்கே கிளம்பிவிடுவார். காலை நேரத்தில் பிள்ளைகளை அடுப்புப் பக்கம் விட எனக்கும் பொறுமை இருக்காது, அவர்களுக்கும் தூக்கம் தெளிந்திருக்காது. சாயங்காலம் செய்து, தட்டில் பரப்பி ஆறவிட்டு, உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறோம். காலையில் கல்லில் உள்வரை நன்றாகச் சூடாக்கி டப்பாவில் போட ஐந்து நிமிடம்.

நான் படித்தது அரசுப் பள்ளியில், சத்துணவு சாப்பிட்டு. 1989-இல்தான் சத்துணவில் முட்டை வந்தது, இரண்டு வாரத்துக்கு ஒன்று. அந்த நாளில் நாங்கள் யாரும் லீவு போட மாட்டோம். 2010-இலிருந்து வாரத்துக்கு ஐந்து முட்டை என்றானது. ஒரு முட்டையில் ஏறக்குறைய ஆறு கிராம் புரதம் இருக்கிறது. சத்துணவுப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அந்த முட்டை, பணம் கட்டிப் படிக்கும் என் பிள்ளைகளின் டப்பாவில் இத்தனை நாள் இல்லையே என்று வருத்தமாக இருந்தது. என் மகளுக்கு அவித்த முட்டையின் மஞ்சள் பிடிக்காது, தொண்டையில் அடைக்கிறது என்பாள். தான் துருவிய கேரட்டோடு சேர்ந்தபோது அதே மஞ்சள் உள்ளே போய்விட்டது. மகன் கீரை சாப்பிட்டதும் இப்படித்தான். தான் ஆய்ந்த கீரை எந்தப் பணியாரத்தில் இருக்கிறது என்று தேடித் தேடித் தின்றான்.

ஒன்றே ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன்: கேட்காமல் யாருக்கும் பகிரக் கூடாது. முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருப்பார்கள், முட்டை சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள்.

இப்போது வேண்டுகோள். உங்கள் குறிப்பில் ‘அம்மா முட்டையை அடித்துக்கொள்ளவும், அம்மா காயை வதக்கவும்’ என்று ஒவ்வொரு வரியிலும் அம்மாவே இருக்கிறார். பிள்ளைகள் கடைசிப் படத்தில் சாப்பிட மட்டும் வருகிறார்கள், அப்பா எங்குமே இல்லை. இனி வரும் குறிப்புகளில், எந்தெந்த வேலையை ஆறு வயதுப் பிள்ளை செய்யலாம், எதைப் பத்து வயதுப் பிள்ளை செய்யலாம், எது பெரியவர்கள் மட்டும் செய்ய வேண்டியது என்று பக்கத்தில் குறித்துக் காட்டுங்கள். ஓவன் சொல்லும் இடத்தில் பணியாரக் கல்லுக்கோ இட்லிப் பானைக்கோ உரிய நேரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். பையன்களுக்கும் சேர்த்தே எழுதுங்கள். என் மகன் இதழைப் புரட்டி, சமையல் பக்கத்தில் தன் வயதுப் பையன் படம் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடினான். இல்லை.

அன்புடன்,
ஒரு வாசகர்,
நாமக்கல்.