பதினாறாவது வாரத்துக்கு முன்னால்

ஃப்ரீமாண்ட்,
ஞாயிறு இரவு, 2025

அன்புள்ள கண்ணுக்கு,

நேற்று போனில் நீ சொன்ன ஒரு வார்த்தை மனசை விட்டுப் போகவே இல்லை. “உனக்கு அப்போ கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் குடுத்தாங்க இல்லம்மா, எனக்கு இப்பதான் பதினோரு வாரம் ஆச்சு, டைம் இருக்கு” என்றாய். அப்போதே பதில் சொல்லியிருக்க வேண்டும். உன் குரல் சோர்ந்திருந்தது, விட்டுவிட்டேன். வேலை போனவர்களுக்கு அரசு வாராவாரம் கொடுக்கும் உதவித்தொகையில் என் கணக்கை உன் கணக்காக எடுத்துக்கொள்ளாதே, கண்ணு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு லேஆஃப் ஆனது 2009 ஏப்ரலில். நீ நாலாவது படித்துக்கொண்டிருந்தாய். பள்ளி விட்டதும் வாசலில் அம்மா நிற்கிறாள் என்று உனக்கு ஒரே சந்தோஷம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை உதவித்தொகைக்கான படிவம் தபாலில் வரும். வேலை தேடினாயா, வந்த வேலையை மறுத்தாயா, உடம்பு சரியில்லாமல் இருந்ததா, ஏதாவது சம்பாதித்தாயா என்று ஒவ்வொரு வாரத்துக்கும் தனித்தனியாகக் கேட்டிருக்கும். நீ தூங்கிய பிறகுதான் எடுப்பேன். லிவர்மோர் கோயில் காலண்டரில் எந்தத் தேதியில் எந்தக் கம்பெனிக்கு விண்ணப்பித்தேன் என்று பென்சிலால் குறித்து வைத்திருப்பேன். அதைப் பார்த்துப் பார்த்து நிரப்பிக் கையெழுத்துப் போடுவேன்.

அக்டோபரில் வழக்கமான 26 வாரமும் முடிந்தது. அதோடு சரி என்று நினைத்தேன். அப்புறம் ஒரு கவர் வந்தது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறார்களோ என்று பயந்து, பிரிக்காமலே இரண்டு வாரம் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். அப்பாதான் பார்த்துப் பிரித்தார். உள்ளே இருந்தது நீட்டிப்புக்கான அறிவிப்பு. பயத்தைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. ஆறு மாதம் வாங்கியாயிற்று, இன்னும் கைநீட்டுவதா என்று நினைத்திருந்தேன். அது பிச்சை இல்லை. உனக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் உன் பெயரில் கட்டிய வரியிலிருந்து வருவது. இதில் நீ ஒரு நாள்கூடக் கூச்சப்படக் கூடாது.

ஆனால் அந்த நீட்டிப்பு எப்படி வந்தது என்பது உனக்குத் தெரிய வேண்டும். 2008 ஜூனில் நாடாளுமன்றம் தனியாக ஒரு அவசரச் சட்டம் போட்டது. அதை மறுபடி மறுபடி நீட்டி, 2009 நவம்பரில் ஒன்று தீர்ந்தால் அடுத்தது என்று நாலு அடுக்காக்கி 53 வாரம் ஆக்கினார்கள். அதோடு 1970லிருந்தே இருக்கும் நிரந்தர நீட்டிப்புச் சட்டத்தின் 20 வாரம். வழக்கமான 26ஐயும் கூட்டினால் 99. நீ சொல்லும் “ரெண்டு வருஷம்” அதுதான். அதுவும் தொடர்ந்து வரவில்லை. என் இரண்டாவது அடுக்கு முடிந்தது 2010 ஜூன் முதல் வாரத்தில். அதற்குச் சரியாக இரண்டு மூன்று நாள் முன்னால் சட்டம் காலாவதியாகிவிட்டது. ஜூலை 22 வரை புதிய சட்டம் வரவில்லை. அந்த ஏழு வாரம் வீட்டுக்கு ஒரு டாலர்கூட என் பெயரில் வரவில்லை. காலண்டரில் குறிப்பதை மட்டும் நான் நிறுத்தவில்லை. சட்டம் வந்ததும் விட்டுப்போன வாரங்களுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். செப்டம்பரில் எனக்கு வேலை கிடைத்தது.

அந்த அவசரச் சட்டம் 2013 டிசம்பரோடு போய்விட்டது. கோவிட் காலத்தில் வந்ததும் 2021 செப்டம்பரோடு முடிந்தது. மிச்சம் இருப்பது அந்த 1970 சட்டம் மட்டும்தான். அது நாம் கேட்டு வருவதில்லை. மாநிலத்தில் இந்தப் பணம் வாங்குகிறவர்களின் விகிதம் 13 வாரச் சராசரியில் 5 சதவீதத்தைத் தொட வேண்டும். முந்தைய இரண்டு வருஷங்களின் இதே காலத்தோடு ஒப்பிட்டால் குறைந்தது 120 சதவீதமாகவும் இருக்க வேண்டும். வேறு அளவுகோல் வைத்துக்கொண்ட மாநிலங்களும் உண்டு. உன் துறையில் மட்டும் ஆயிரக்கணக்கில் வேலை போனாலும் அந்தச் சட்டம் அசையாது. கலிபோர்னியாவில் இப்போது எந்த நீட்டிப்பும் நடப்பில் இல்லை. ஆகவே உனக்கு இருப்பது 26 வாரம், அதில் பதினொன்று போய்விட்டது.

வாரத்துக்கு அதிகபட்சம் எனக்குக் கொடுத்ததும் 450 டாலர், உனக்குக் கொடுப்பதும் அதே 450. அப்போது நம் இரண்டு பெட்ரூம் வீட்டுக்கே வாடகை 1,400தான். சான் டியேகோவில் உன் ஒற்றை அறைக்கு நீ கட்டுவதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. பதினாறு வருஷமாக அந்த எண்ணை உயர்த்தாமல் வைத்திருப்பது பெரிய அநியாயம்.

அதனால் உடனே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கம்யூனிட்டி காலேஜில் ஏதோ கோர்ஸ் பார்ப்பதாகச் சொன்னாய் அல்லவா? இந்தப் பணத்தைக் கொடுக்கும் மாநில வேலைவாய்ப்புத் துறையான இ.டி.டி. ஒப்புக்கொள்ளும் பயிற்சியாக அது இருந்தால், படிக்கும்போதே பணம் வரும், வேலை தேடியாக வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்காது. 26 வாரம் தீர்ந்த பிறகும் படிப்பு முடியாவிட்டால் இன்னும் 26 வாரம் வரை பயிற்சி நீட்டிப்பு உண்டு. ஆனால் பதினாறாவது வாரப் பணம் கைக்கு வருவதற்கு முன்னால் அதைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். அப்புறம் போய் நின்றால் கிடையாது. எல்லாப் படிப்புக்கும் ஒப்புதல் தரமாட்டார்கள், அதனால் பணம் கட்டிச் சேர்வதற்கு முன்னால் கேள்.

இன்னொன்று. பகுதி நேர வேலை கிடைத்தால் பணம் நின்றுவிடும் என்று பயந்து மறுக்காதே. உனக்கு ஒதுக்கியிருப்பது மொத்தம் 11,700 டாலர். ஒரு வாரம் 200 சம்பாதித்தால் அதில் கால்வாசியான 50ஐ விட்டுவிட்டு 150ஐத்தான் கழிப்பார்கள். அந்த வாரம் 300 வரும், கையில் 500 இருக்கும். கழித்த 150 உன் கணக்கிலேயே நிற்கும், பின்னால் வாங்கிக்கொள்ளலாம். கிளெய்ம் தொடங்கி ஒரு வருஷத்துக்குள் வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான். சம்பாதித்ததை மட்டும் மறைக்காதே, அஞ்சு டாலராக இருந்தாலும் எழுது.

வருமான வரிக்குப் பத்து சதவீதம் பிடிக்கச் சொல்லிவிட்டாயா? நான் சொல்லாமல் விட்டு, அடுத்த ஏப்ரலில் உன் பரதநாட்டிய கிளாஸுக்கு எடுத்து வைத்திருந்த பணத்தைத்தான் வரியாகக் கட்டினேன். கலிபோர்னியா இதற்கு வரி போடாது, ஆனால் ஃபெடரல் வரி உண்டு.

அந்த 2009 காலண்டரை இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறேன். பக்கமெல்லாம் பென்சில் குறிப்பு, ஓரத்தில் நீ வரைந்த பூனைகள். நேற்று உன்னோடு பேசிவிட்டு அதை எடுத்துப் பார்த்தேன். உனக்கு நான் இருக்கிற மாதிரி அப்போது எனக்கும் கணக்குச் சொல்ல யாராவது இருந்திருந்தால் அந்தக் கவரைப் பிரித்திருப்பேன்.

பதினாறாவது வாரம் எந்தத் தேதியில் வருகிறது என்று எண்ணிப் பார்த்து, நாளைக்குள் எனக்கு ஒரு வரி அனுப்பு. ராகி மாவும் பருப்புப் பொடியும் பார்சலில் போட்டிருக்கிறேன், புதன்கிழமை வந்துவிடும். வாடகைக்கு எவ்வளவு குறைகிறது என்று அப்பா கேட்கச் சொன்னார். அதையும் மறைக்காமல் எழுது.

அன்புடன்,
அம்மா