மாட்டின் மேல் போட்ட பழி

அன்புள்ள பாண்டி,

நாலு மாதமாகப் பதில் போடாதது என் தப்புதான், திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி, வழக்கம்போல.

உன் பாடக் குறிப்பைப் படித்தேன். மாடு வளர்க்க ஆரம்பித்த காலத்தில் காசநோய்க் கிருமி மாட்டிடமிருந்து மனிதனுக்குத் தொற்றியது என்று எழுதியிருக்கிறாய். ராசண்ணன் காதைத் திருகியிருப்பார்! 2002-லேயே கவிழ்ந்துபோன கதையடா அது. மாட்டுக்கு வரும் போவிஸ் கிருமியின் டிஎன்ஏவில் பல துண்டுகள் இல்லை. நம்மைப் பிடிக்கும் டியூபர்குளோசிஸில் அவை பத்திரமாக இருக்கின்றன. இந்தக் கிருமிக் கூட்டத்துக்குள் டிஎன்ஏ கொடுக்கல் வாங்கல் அநேகமாகக் கிடையாது. விட்டது விட்டதுதான், திரும்ப வராது. துண்டை இழந்தவன் முழுசாக வைத்திருப்பவனுக்கு எப்படி அப்பனாவான்?

காசநோய்க்குப் போடும் பிசிஜி தடுப்பூசியைப் பார். அதை உருவாக்கிய பிரெஞ்சு விஞ்ஞானிகள் கால்மெட்டும் கெரினும் அதே போவிஸை எடுத்து, பித்தநீர் கலந்த உருளைக்கிழங்கில் 1908 முதல் 1921 வரை சுமார் 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்தார்கள். ஆர்டி1 என்ற டிஎன்ஏ துண்டு உதிர்ந்தது, கிருமி சாதுவானது. இன்றுவரை எந்த பிசிஜியிலும் அது திரும்ப முளைக்கவில்லை.

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. மனிதனைப் பிடிக்கும் காசநோய்க் கிருமியை எண் போட்டு வம்சங்களாகப் பிரித்திருக்கிறார்கள். தென்னிந்தியாவில் அதிகம் திரியும் முதல் வம்சத்தில் டிபிடி1 என்ற டிஎன்ஏ துண்டு இன்னும் இருக்கிறது. 2, 3, 4 வம்சங்கள் அதைத் தொலைத்துவிட்டன. நம்முடையது பழைய வீட்டுக்காரன்.

கிருமியின் வயது விஷயத்தில் மட்டும் வாயைக் கொடுக்காதே. 2013-இல் 70,000 ஆண்டு என்றார்கள். மறு ஆண்டே பெருவில் கிடைத்த ஆயிரம் வருட எலும்புகளை வைத்து 6,000-க்குள் என்றார்கள். அந்த எலும்பில் இருந்தது கடல்நாய்களிடம் காணப்படும் வகை! கொலம்பஸுக்கு முன்பே நோய் கடல் வழியாகப் போயிருக்கிறது, கப்பல் இல்லாமல்.

ஆக, அந்த வரியை அச்சுக்குப் போகுமுன் அடித்துவிடு. ஆனால் "பாலைக் காய்ச்சிக் குடி" என்பதில் கை வைக்காதே. பச்சைப் பால் வழியாக போவிஸ் இன்றும் மனிதனுக்கு வருகிறது.

கிருமியைப் பார்க்கச் சளியைப் பூசிச் சாயமேற்றும் ஸ்லைடில் சிவப்பு நிற்கவில்லை என்றாயே, சூடு போதவில்லை என்று நினைக்கிறேன். கிருமியின் மேலிருக்கும் மெழுகு இளகினால்தான் கார்பால் பியூக்சின் என்ற சிவப்புச் சாயம் உள்ளே இறங்கும். ஆவி எழும்வரை காட்டு, கொதிக்க விடாதே, 5 நிமிடம் அப்படியே வை. காய்ந்தால் சாயம் படிகமாகி, அதையே கிருமி என்று எண்ணுவார்கள் உன் பிள்ளைகள். பிறகு மற்றவற்றின் நிறத்தை நீக்க 25 சதவீத கந்தக அமிலம், 2 முதல் 4 நிமிடம். சளிப் பூச்சு தடித்தால் எல்லாம் வீண். சாயமேற்றுமுன் ஸ்லைடைச் செய்தித்தாள் மேல் பிடி. எழுத்து மங்கலாகவாவது படிக்க வரவேண்டும்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார், கிழவா.

உன்,
சேகர்