மயக்கத்தில் இருப்பவருக்கும் வலிக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தீவிர சிகிச்சைப் பிரிவு பற்றிய உங்கள் கட்டுரையில், ‘மயக்கத்தில் இருப்பதால் நோயாளிக்கு வலி தெரியாது’ என்று ஒரு வரி இருந்தது. ஐசியுவில் பல வருடம் நர்ஸாக இருந்தவள் நான். அந்த வரியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

தூங்கவைப்பது வேறு, வலியை அடக்குவது வேறு. புரோபோஃபால், மிடசோலம் போன்றவை தூங்கவைக்கும், அவ்வளவுதான். வலிக்கு ஃபென்டனில் மாதிரி ஒரு மருந்து தனியாகப் போக வேண்டும். மிடசோலம் நினைவையும் அழித்துவிடுவதால், விழித்த பிறகு கேட்டால் பலர் “ஒன்றும் தெரியவில்லை” என்பார்கள். நாங்களும் நிம்மதியாகிவிடுவோம். நினைவில்லை என்பதால் வலிக்கவில்லை என்று ஆகிவிடுமா?

சரி, பேச முடியாதவரின் வலியை எப்படிக் கண்டுபிடிப்பது? பிபிஎஸ் (பிஹேவியரல் பெயின் ஸ்கேல்) என்ற, நடத்தையைப் பார்த்து வலியை அளக்கும் அளவுகோல் 2001-லேயே வந்துவிட்டது. முகம் சுளிக்கிறதா, கை மடங்கி விறைக்கிறதா, வென்டிலேட்டரோடு மல்லுக்கட்டுகிறாரா என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண் போட வேண்டும். கூட்டினால் குறைந்தது 3, அதிகபட்சம் 12. சளியை உறிஞ்சி எடுக்கச் சக்‌ஷன் போடும் முன்பு ஒரு தடவை, போடும்போது ஒரு தடவை பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஆனால் நாங்கள் பார்த்தது பெரும்பாலும் மானிட்டரைத்தான். நாடித்துடிப்பு ஏறவில்லையா, வலியில்லை என்று எழுதிவிடுவோம். காய்ச்சலிலும் நாடி ஏறும். சில மருந்துகள் அதை ஏறவே விடாது. அந்த எண்களை வைத்து வலியை முடிவு செய்யக்கூடாது, நோயாளியை உற்றுப் பார்க்கத் தூண்டும் அறிகுறியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று 2018-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. மார்புக் குழாயை உருவும்போது வலிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். புரட்டிப் படுக்கவைப்பதும் வலிக்கும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். இரண்டுக்கும் முன்கூட்டியே மருந்து கொடுத்து, அது வேலை செய்யும்வரை காத்திருக்க வேண்டும்.

தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்தவரிடம் இந்த அளவுகோலும் பலிக்காது. முகம் அசையாது, கை அசையாது, மதிப்பெண் 3-இலேயே நிற்கும். அவருக்கு வலி இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு மருந்து கொடுப்பதுதான் நியாயம்.

குடும்பத்தாரையும் கேளுங்கள். “வலி வந்தால் அப்பா கால் பெருவிரலை மடக்குவார்” என்று ஒரு மகள் சொன்னாள். பிபிஎஸ்ஸில் காலுக்கு இடமே இல்லை. அன்று முதல் போர்வையை விலக்கிக் காலையும் பார்த்தோம்.

கட்டுரையின் அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்