தெருவில் இருந்து படம் கீறப் போகிறாயா என்று கேட்ட அக்காவுக்கு

பாரிஸ்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அத்தான், பிள்ளைகள், அம்மா எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். போனிலேயே கதைத்திருக்கலாம். ஆனால் போன கிழமை, ஞாயிற்றுக்கிழமைகளில் படம் கீறி விற்கப் போகிறேன் என்று நான் வாயைத் திறந்ததுமே, "தெருவில இருந்து கையேந்தப் போறியோ? இதுக்கோ காணியை ஈடு வைச்சு அனுப்பினது?" என்று மறித்துவிட்டீர்கள். கடிதத்தில் மறிக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ரெஸ்டோரண்ட் வேலையை விடவில்லை. கோப்பை கழுவின காலம் போய், இப்போது சலாட் போடுகிற மேசைக்கு வந்துவிட்டேன். ஞாயிறும் திங்களும் லீவு. என்னுடைய யோசனை எல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான்.

லாச்சப்பலில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவில் இருந்து நடக்கிற தூரத்தில் மொன்மார்த் என்ற குன்று இருக்கிறது. உயரம் 130 மீட்டர்தான், ஆனால் யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு அதுவே மலை. 1860 வரைக்கும் பாரிஸோடு சேராத தனிக் கிராமமாம். வாடகை மலிவு என்று ஓவியர்கள் அங்கே போய்க் குடியிருந்தார்கள். பிக்காசோ கூட 1904இல் அங்கேதான், ஒரு பழைய மரக்கட்டடத்தில், குளிரில் கிடந்து கீறியிருக்கிறார். இன்றைக்கு அங்கே வாடகை கேட்டால் தலை சுற்றும்.

மேலே தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சதுக்கம், பிளாஸ் து தெர்த்ர் என்று பெயர். நடுவில் படம் கீறுகிறவர்கள், சுற்றிவர சாப்பாட்டுக் கடைகள். ஒரு இடம் என்றால் ஒரு சதுர மீட்டர். அதையும் இரண்டு பேருக்குக் கொடுத்து, மாறி மாறி வரச் சொல்கிறது நகரசபை. அந்த ஒரு மீட்டருக்கு அனுமதி கேட்டுப் பதிந்தவர்கள் வருஷக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். அனுமதி கிடைக்காதவர்கள் சந்து முனைகளில் அட்டையைக் கையில் பிடித்தபடி நின்று, போகிற வருகிறவர்களை மறிக்கிறார்கள். பொலிஸ் தலைக்கறுப்பு தெரிந்தால் அட்டை கக்கத்துக்குள் போய்விடும். நீங்கள் பயப்படுகிற தொழில் அதுதான். அதற்கு நான் போக மாட்டேன். இங்கே தங்கியிருக்கிற பத்து வருஷ வதிவிடக் கார்ட் கையில் வரப் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

ஆனால் அந்தச் சதுக்கத்தில் நின்று பார்ப்பதற்கு யாரும் காசு கேட்பதில்லை. அங்கே ஒரு வயதான அம்மா இருக்கிறா. சிவப்புச் சோக்கால் முகம் கீறுவா. கண்ணில் தொடங்கி, மூக்குக்கு வராமல் நேரே வாய்க்குப் போவா. முன்னால் இருப்பவரின் முகம் இறுகிவிடக்கூடாது என்று எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பா. இருப்பவருக்குத் தன் படம் தெரியாது, ஆனால் அம்மாவுக்குப் பின்னால் கூடி நிற்கிற சனத்தின் முகம் தெரியும். அவர்கள் சிரித்தால் அவரும் சிரிப்பார், யாராவது புருவத்தைச் சுருக்கினால் அவருக்கு வயிறு கலங்கும். சனம் வராத நேரத்திலும் அந்த அம்மாவின் கை ஓயாது. பழைய படம் ஒன்றை எடுத்துச் சும்மா தடவிக்கொண்டிருப்பா. கை நின்றால் சனம் நிற்காது என்பது அவவுக்குத் தெரியும். அதாவது அக்கா, அங்கே விற்பது பாதிதான் படம், மீதி கூத்து. கடதாசியும் கத்தரிக்கோலுமாக நின்று பக்கவாட்டு முகத்தை நிழல் மாதிரி வெட்டிக் கொடுக்கிறவர்களும் அப்படித்தான்.

கையேந்துவது என்றீர்களே, அதற்கும் பதில் இருக்கிறது. இங்கே மெட்ரோவுக்குள் வயலினும் கிட்டாரும் வாசிக்கிறவர்களைப் பார்த்து நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் அவர்கள் பரீட்சை எழுதாத குறையாகத் தேறி வந்தவர்கள் என்று தெரிந்தது. 1997இல் இருந்து மெட்ரோ நிர்வாகமே ஆள் எடுக்கிறது. வருஷத்தில் இரண்டு தரம் நடுவர்களுக்கு முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். ஆயிரம் பேரளவில் கேட்டால் முந்நூறு பேரளவில்தான் அனுமதி அட்டை கிடைக்கும். அது இருந்தால் மெட்ரோ நிலையத்து நடைபாதைகளில் வாசிக்கலாம், ரயிலுக்குள் ஏறக்கூடாது. அப்புறம், ஜூன் 21ஆம் தேதி வந்தால் ஊர் முழுக்க எவரும் தெருவில் இறங்கிப் பாடலாம், ஆடலாம். 1982இல் இருந்து அரசாங்கமே நடத்துகிற இசைத் திருவிழா. அன்றைக்கு நித்திரையை மறந்துவிட வேண்டியதுதான்.

இங்கே இருக்கிற எங்கள் மாணிக்க விநாயகர் கோயில் தேரையும் யோசித்துப் பாருங்கள். ஆவணியில் லாச்சப்பல் தெருவில் தேங்காய் குவித்து உடைக்கிறோம், தவில் அடிக்கிறோம், காவடி ஆடுகிறோம். வெள்ளைக்காரர் தோளில் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். அந்தத் தவில்காரரைக் கையேந்துகிறார் என்று நீங்கள் சொல்வீர்களா? சரி, அது சாமி காரியம் என்பீர்கள். விடுங்கள்.

என் திட்டம் மொன்பர்னாஸ் பக்கம். எட்கர் கினே என்ற தெருவில் புதனும் சனியும் மரக்கறிச் சந்தை கூடும். ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் படச் சந்தை. கீறினவரே தன் படத்தோடு நின்று விற்க வேண்டும், வாங்கி விற்கிற ஆட்களுக்கு அங்கே இடமில்லை. மழைக்கு ஒரு கூரை, மாட்ட ஒரு சட்டம், அவ்வளவுதான். யாரையும் மறிக்கவும் வேண்டாம், முகத்தைப் பார்த்துச் சிரிக்க வைக்கவும் வேண்டாம். என்னுடைய பிரெஞ்சுக்கு அதுதான் தோது. ஆனால் சும்மா போய் நிற்க விடமாட்டார்கள். ஓவியர் என்று பதிந்து தொழில் இலக்கம் எடுக்க வேண்டும், விற்கிற காசில் இருந்து சமூகக் காப்புறுதிக்குக் கட்ட வேண்டும், படங்களைக் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். படிவங்கள் நிரப்ப அறைக்காரத் தம்பி உதவுகிறான்.

ஐஃபில் கோபுரம் கீறுகிற ஆட்கள் இங்கே மலிந்து கிடக்கிறார்கள். நான் கீறப் போவது சாமி எழுந்தருளுகிற கோயில் வாகனம். பெரியப்பாவோடு கோயில் கோயிலாகப் போய் வர்ணம் பூசினேனே, அந்த மயிலும் யாளியும் கைலாச வாகனமும்தான். பத்துத் தலை இராவணன் மலையைத் தூக்குகிற கோலத்தை இங்கே யார் கண்டார்கள்? வாங்குவார்களா என்று கேட்டால், மாரிகாலத்தில் நின்று விறைத்துப் போய் ஒன்றும் விற்காமல் வருகிற ஞாயிறுகள்தான் கூட இருக்கும் என்று நினைக்கிறேன். மாதக் காசு அனுப்புவதில் குறை வராது, அது சம்பளத்தில் இருந்து வருவது. வர்ணத்துக்கும் கடதாசிக்கும் சிகரெட்டை விட்டதில் மிஞ்சுகிறது. (இது அத்தானுக்கு.)

ஒரு உதவி வேண்டும். கோயில் வாகனசாலையைத் திறக்கிற நாளில் மூத்த மருமகளைப் போகச் சொல்லுங்கள். ஐயரிடம் கேட்டுவிட்டு, கைலாச வாகனத்தை முன்னாலும் இரண்டு பக்கத்தாலும் படம் பிடித்து அனுப்பட்டும். இராவணனின் கைகளைக் கிட்டப் பிடிக்க வேண்டும். விரல்கள் வீணை நரம்பைத் தொடுகிற இடம் எனக்குச் சரியாக ஞாபகம் வரவில்லை, பெரியப்பாவும் இல்லை கேட்பதற்கு. வெளிச்சம் போதாவிட்டால் கதவுப் பக்கமாகத் தள்ளி வைத்துப் பிடிக்கலாம், சில்லு இருக்கிறது.

அம்மாவுக்கு இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். இடம் கிடைத்தால் நானே சொல்கிறேன்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி