விரல் இறுக்கத்தை வேலைமேல் போடாதே

ஏற்காடு

அன்பு மகளுக்கு,

காலையில் விரல் மடங்கவில்லை, கொலுசு வேலையால்தான் இருக்கும் என்று போனில் சொன்னாய். வேலையால் வருகிற வலி வேலை செய்யச் செய்யக் கூடும், தூங்கி எழுந்தால் தணியும். அதிகம் புழங்குகிற கையில்தான் நிற்கும். உனக்கோ தூங்கி எழுந்தால் இறுகுகிறது, கை ஓட ஓட இளகுகிறது, அதுவும் இரண்டு கையிலும். சேலம் செவ்வாய்பேட்டை வெயிலில் பனியையும் காரணம் சொல்ல முடியாது.

நாளையிலிருந்து ஒரு வாரம், எழுந்த நேரத்தையும் விரல் முழுசாக மடங்கிய நேரத்தையும் குறித்து வை. மூட்டுத் தேய்மானத்தால் வரும் இறுக்கம் பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். ஒரு மணி நேரம் தாண்டினால் முடக்குவாதமா (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், சுருக்கமாக ஆர்.ஏ.) என்று பார்த்தே ஆக வேண்டும். அது விரல்களின் அடிக்கணு, நடுக்கணு, மணிக்கட்டு, கால்விரல்கள் பாதத்தோடு சேரும் இடம் இவற்றைப் பிடிக்கும். நகத்தை ஒட்டிய கணுவைப் பெரும்பாலும் தொடாது. அங்கே கெட்டியாகப் புடைத்தால் அது தேய்மானம்.

கை குலுக்குவது போல, மறு கையால் நான்கு விரல்களின் அடிக்கணுக்களையும் பக்கவாட்டில் சேர்த்து மெல்ல அமுக்கிப் பார். சுரீரென்று வலித்தாலோ, கணு மெத்தென்று வீங்கியிருந்தாலோ மூட்டின் உள் சவ்வு அழற்சியில் இருக்கலாம். வீக்கத்தைக் காலையிலேயே போனில் படம் எடுத்துவை. டாக்டரைப் பார்க்கிற நேரத்தில் வற்றியிருக்கும்.

ஆறு வாரம் நீடித்தால் ஒரு நாளும் தள்ளாதே. மூன்று மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் மூட்டில் எலும்பு அரிக்கப்படுவதைப் பெருமளவு தடுக்கலாம். அரிக்கப்பட்ட மூட்டு பழையபடி ஆகாது. மூட்டுவாத நிபுணரைப் பார். செலவு யோசனை என்றால் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனைக்குப் போ. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. என்ற ரத்தப் பரிசோதனைகள் பார்ப்பார்கள். ஆர்.ஏ. நெகட்டிவ் என்றதும் திரும்பி வந்துவிடாதே. ஆரம்பத்தில் அது நெகட்டிவாகவும் வரும், எக்ஸ்ரேயும் சுத்தமாகவே இருக்கும். அண்மையில் காய்ச்சல் வந்திருந்தால் அதையும் சொல். சிக்குன்குனியாவுக்குப் பிறகும் இதே கணுக்கள் மாதக்கணக்கில் வலிக்கும்.

பெயர் ஒட்டாத மாத்திரையையோ பொடியையோ யார் தந்தாலும் வாங்காதே. சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். வீக்கம் சில நாளில் வற்றும், நோய் உள்ளே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும், சர்க்கரையும் ஏறும். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் திடீரென நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டு.

குழந்தைக்கு யோசனை இருந்தால் முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடு. முடக்குவாதத்துக்குத் தருகிற மெத்தோட்ரெக்சேட் மாத்திரை கர்ப்பத்துக்கு ஆகாது, வேறு மருந்து தருவார்கள். மெத்தோட்ரெக்சேட் எழுதிக் கொடுத்தால், வாரத்துக்கு ஒரே நாள்தான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.

அன்புடன்,
அம்மா