காற்றடிக்கும் கம்ப்ரசர் வைத்திருக்கும் கடைக்காரர்கள் கவனத்திற்கு

வணக்கம். மதுரையில் மாட்டுத்தாவணி, பழங்காநத்தம் பக்கம் பலர் சொல்லும் குறை: மோட்டார் ஓடுகிறது, காற்று ஏறவில்லை. உடனே பிஸ்டன் ரிங்கை மாற்றக் கிளம்ப வேண்டாம். முதலில் உள்ளே போகும் காற்றை வடிகட்டும் ஏர் பில்டரைப் பாருங்கள். நம் ஊர்ப் புழுதிக்கு அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அப்புறம் பெல்ட் தளர்ந்திருக்கிறதா பாருங்கள், இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள்; குமிழி வந்தால் அங்கே கசிவு.

மோட்டார் நின்றதும், அதைத் தானாக நிறுத்தி ஓட்டும் பிரஷர் சுவிட்ச் அடியில் ஒரு நொடி உஸ் என்றால் சரிதான். விடாமல் காற்று வந்தால் கோளாறு பெரும்பாலும் குழாய் டாங்கில் சேரும் இடத்திலுள்ள, காற்று திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வில். சுவிட்சை மாற்றிக் காசை விடாதீர்கள். வால்வைக் கழற்றித் துடைத்தாலே பல நேரம் சரியாகும். எதைக் கழற்றினாலும் கரண்டைத் துண்டித்து, கேஜ் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான்.

தினமும் டாங்க் அடியில் தேங்கும் தண்ணீரைத் திறந்து விடுங்கள். உள்துரு வெளியே தெரியாது, டாங்க் வெடித்தால் உயிர் போகும்.